புறவாசல் அண்ணாச்சி

என் வீட்டுக்காரர் பேர் சுவிசேஷமுத்து. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இருபத்தொரு வருஷம் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார்மார் அத்தனை பேரும் முத்து என்று மொட்டையாகச் சொன்ன பேர்தான் அது. நான் ஒருத்தி சொல்லி என்ன குறைந்துவிடப் போகிறது.

பள்ளிக்கூடம் தச்சநல்லூருக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடம். அதன் பேரைச் சொல்லமாட்டேன். அதில் படித்த பிள்ளைகள் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். என் மாமனார் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி மணி அடித்தவர். எங்கள் ஜாதி என்ன என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

தாது வருஷத்துப் பஞ்சத்தில் இவருக்கு எட்டு வயது. அப்பாவோடு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே வகுப்பில் நடக்கிற பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானி பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் படிக்கவைத்தாள். படித்து, பயிற்சி முடித்து, பெரிய சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு, கோட்டும் தலைப்பாகையுமாக 1895-ல் அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தார். சின்ன வயதில் "ஏலே முத்து" என்று ஏவிய வாய்கள் அங்கேதான் இருந்தன. கோட்டைப் பார்த்து "ஏலே"யை விட்டார்கள். "முத்து"வை விடவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஜெபத்துக்கு மணி அடிக்கும்முன் வாத்தியார்மார் எல்லாரும் வேப்பமரத்தடியில் கூடுவார்கள். வருகிறவர் ஒவ்வொருவரையும் பார்த்து "தோத்திரம் ஐயா" என்பார். அவர்களும் திருப்பி "தோத்திரம் ஐயா" என்பார்கள். நேற்று வந்த சின்ன வாத்தியாருக்கும் இது உண்டு. என் வீட்டுக்காரர் போய் நின்று ஐந்து பேருக்கும் ஐந்து தோத்திரம் சொல்லுவார். பதிலுக்கு "என்ன முத்து" என்பார்கள். ஒருவர் அதுவும் சொல்லாமல் தலையை ஆட்டுவார். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டன. மற்றவர்கள் கணக்கு வாத்தியாரய்யா, பூகோள வாத்தியாரய்யா. இவர் முத்து வாத்தியார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். நிலம் வேண்டும், வீடு வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் வாயால் ஒரு நாள் "தோத்திரம் ஐயா" என்று கேட்கவேண்டும். என்னிடம் இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறார், இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே.

1904-ல் கிருபைராஜ் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அவனை நான் "அவன்" என்றுதான் எழுதுவேன். நேரில் வேறு மாதிரி கூப்பிட்டிருக்கிறேன், அது பின்னால் வரும். இருபத்திரண்டு வயது. தெற்கே பேர்பெற்ற பழைய கிறிஸ்தவக் குடும்பம், பாட்டனார் குருவானவர். ஆனால் பரீட்சையில் தவறி, சின்ன சர்ட்டிபிகேட்டோடு வந்திருந்தான். வந்த இரண்டாவது வாரம் சனிக்கிழமை சாயந்தரம் எங்கள் புறவாசலில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணாச்சி இருக்காங்களா?"

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் வரப்பு வழியாக வந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "மதினி, நான் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்தவன். அண்ணாச்சிகிட்ட கொஞ்சம் இலக்கணம் கேக்கணும்" என்றான்.

அண்ணாச்சி என்றும் மதினி என்றும் எங்களை அந்த மாதிரிக் குடும்பத்து ஆள் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. எங்களுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. வீட்டில் எங்கள் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது. அந்த ஒரு சொல்லில் நான் கரைந்துபோனேன் என்று ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. "உள்ள வாங்க தம்பி" என்றேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். கொடுத்த கிளாஸைக் கழுவாமல் அப்படியே வாங்கிக் குடித்தான். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர், "பாத்தியாளா, அவங்க வீட்டுப் பையன், நம்ம கையால வாங்கிக் குடிச்சிட்டான்" என்று நாலு தடவை சொன்னார்.

ஆறு வருஷம் வந்தான். சனிக்கிழமை தவறாது. இவர் அவனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார், கணக்குச் சொல்லிக் கொடுத்தார், அவன் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்தார். மனு எழுதுவது எப்படி, துரைக்குக் கடிதம் எழுதும்போது முதல் வரி என்ன, கடைசி வரி என்ன, எல்லாம் இவர் சொன்னதுதான். நான் ஆப்பம் சுட்டுப் போட்டேன். கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழித்துத் தின்பான். 1908-ல் பெரிய சர்ட்டிபிகேட் பரீட்சையில் தேறினான். புறவாசல் வழியாக ஓடிவந்து இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

எப்போதும் புறவாசல்தான். முன்வாசல் தெருவைப் பார்த்தது, புறவாசல் வாய்க்காலைப் பார்த்தது. "இதுதான் மதினி குறுக்கு வழி" என்பான். அவன் தங்கியிருந்த இடத்திலிருந்து தெரு வழிதான் கிட்டம். வரப்பில் வந்தால் அரைக்கால் மைல் கூடுதல். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் வருவதை நிறுத்திவிடுவான் என்று பயந்தேன். இந்தக் கதையில் என் பங்குக்கு நான் செய்த குற்றம் அது.

பள்ளிக்கூடத்தில் அவன் இவரை எப்படிக் கூப்பிட்டான் என்று ஒருநாள் தமிழ்ப் பண்டிதர் நெல்லையப்பனிடம் கேட்டேன். அவர் சைவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாலும் நெற்றி நிறைய விபூதியோடுதான் வருவார். என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், அதுவும் தெருவில் வைத்து, உரக்க.

"அந்தப் பயலா? அவன் ஒண்ணும் சொல்லிக் கூப்பிடமாட்டான்லா. மரத்தடியில முத்து தோத்திரம் ஐயாங்கான். அவன் வெறும் 'தோத்திரம்'ங்கான், அதுக்கு மேல வாய மூடிக்கிடுதான். ஏதாச்சும் கேக்கணும்னா பக்கத்துல போயி நின்னு, 'அந்தப் புஸ்தகம் இருக்கா'ங்கான். யாரப் பாத்துக் கேக்கான்னே தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன செய்தேன்? சின்னப் பையன், கூட இருக்கிறவர்களுக்குப் பயப்படுகிறான், நாள்பட நாள்படச் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். அங்கே நின்றவரே அவர்தானே.

1910-ல் பழைய தலைமை உபாத்தியாயர் கண் தெரியாமல் போய் வேலையை விட்டார். மிஷன் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கிற துரை பாளையங்கோட்டையிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய சர்ட்டிபிகேட்டும் பதினைந்து வருஷ அனுபவமும் உள்ளவர் இவர் ஒருவர்தான். "கோடை விடுமுறை முடிந்ததும் நீரே தலைமை உபாத்தியாயர். மற்றவர்கள் ஆட்சேபிக்காவிட்டால் எனக்குச் சந்தோஷம்" என்று துரை சொன்னாராம். இவர் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நடந்தே வந்தார். வண்டியில் ஏறத் தோன்றவில்லையாம்.

வந்து உட்கார்ந்து, "ஏளா சாலோமி, இனிமே மரத்தடியில எல்லாரும் எனக்குத் தோத்திரம் ஐயான்னு சொல்லணும்லா" என்றார்.

"ஆமா, தலைமைக்குச் சொல்லாம என்ன செய்வாங்க?"

"சொன்னா நான் என்ன செய்யணும்? தலைய ஆட்டுததா, திருப்பிச் சொல்லுததா? எனக்குப் பழக்கமில்லையே."

நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு, குரலைத் தடித்த குரலாக்கி, "தோத்திரம் ஐயா" என்றேன். அவர் எழுந்து நின்று தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு, "தோத்திரம் ஐயா, தோத்திரம்" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை. அவருடைய வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன். விடுமுறை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு சனிக்கிழமை கிருபைராஜ் வந்தான், கையில் ஒரு தாளோடு.

"அண்ணாச்சி, எங்க அம்மா ஊரு கூடங்குளத்துப் பக்கம்லா. அங்க சபைக்கு உபதேசியாரா ஒரு சின்னப் பயலப் போட்டிருக்காங்க. ஊருலயே பொறந்து வளந்தவன். கெழவங்கள்லாம் தூக்கி வளத்த பய. இப்ப அவன எல்லாரும் ஐயான்னு கூப்பிடணுமாம். ஊர்க்காரங்க மனு போடணும்னு எங்கிட்ட எழுதிக் கேட்டாங்க. நான் எழுதினது சப்புன்னு இருக்கு. கொஞ்சம் பாத்துத் தாங்க."

பேர் வரவேண்டிய இடமெல்லாம் காலியாக இருந்தது. "அத ஊர்க்காரங்களே எழுதிக்கிடுவாங்க" என்றான்.

இவர் வாசித்துப் பார்த்தார். "பெரியவங்க நியாயமும் நியாயம்தான். இடுப்புல தூக்கி வச்சிருந்தவனப் போயி எப்படி ஐயான்னு சொல்ல முடியும்?" என்றார். அவர் மனம் அப்படித்தான் போயிற்று. வயதில் மூத்தவருக்கு மரியாதை, அது அவருக்குக் கல்லில் எழுதினது மாதிரி. தன்னையும் தூக்கி வளர்த்த மாதிரி பேசுகிறவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்களே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தார். நான் ஆப்பச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றேன். எழுதி முடித்து, தொண்டையைக் கனைத்து, உரக்க வாசித்தார்.

"மேற்படியார் குணத்தில் எங்களுக்குக் குறையில்லை. ஆயினும் சிறுபிராயம் முதல் பேர் சொல்லி அழைத்துப் பழகிய எங்கள் நாவில் 'ஐயா' என்னும் சொல் ஏறாது. ஏறாத சொல்லை அதிகாரத்தால் ஏற்றினால் சொல்லும் கெடும், சபையும் கெடும்."

"இதுக்கு மேல துரை என்ன பேச முடியும்? நல்லா நறுக்குன்னு இருக்கு" என்று சொன்னவள் நான். என் வாயைக் கிழிக்கவேண்டும். கிருபைராஜ் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஐந்து ஆப்பம் தின்றான். இன்னும் ஒன்று போடவா தம்பி என்று கேட்டேன், போடுங்க மதினி என்றான்.

பத்து நாள் கழித்துத் துரை மறுபடி கூப்பிட்டனுப்பினார். கஞ்சி போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். துரை அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே சரியில்லை என்று அவருக்குப் பட்டதாம். துரை ஒரு மனுவை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பேர் இருக்கவேண்டிய இடத்தில் சுவிசேஷமுத்து என்று இருந்தது. "சிறுபிராயம் முதல் பேர் சொல்லி அழைத்துப் பழகிய எங்கள் நாவில்" என்று துரை ஆரம்பித்தபோது, அடுத்த சொல் என்ன என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றம். "சபையும்" என்ற இடத்தில் "பள்ளிக்கூடமும்" என்று இருந்தது. கீழே ஐந்து கையெழுத்து, முதல் கையெழுத்து கிருபைராஜ்.

"உம்மேல் குற்றமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சமாதானம் வேண்டும்" என்றாராம் துரை. பிறகு, "இந்த மனுவின் தமிழ் மிகவும் நன்றாக இருக்கிறது" என்றாராம்.

"ஆமாங்கய்யா, நல்ல தமிழ்தான்" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உண்டுகொண்டே, சோறு போட்டவர் கழுத்தை அறுக்க அவர் கையாலேயே கத்தி தீட்டி வாங்கிப் போகிறவனை நான் கேள்விப்பட்டதில்லை.

"நான்தான் எழுதினேன், என்ன ஏமாத்தி எழுதவச்சான்னு தொரைகிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்று கத்தினேன்.

"நான் எழுதின தாளு அவன்கிட்ட இருக்கு. மனுவுல இருக்கது அவன் கையெழுத்து. சொன்னா யாரு நம்புவா? நம்பினாத்தான் என்ன? வேற எவனுக்கோன்னா சரி, எனக்குன்னா தப்பான்னு தொரை கேட்டா என்ன சொல்ல?" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு தவளை இல்லை, இரண்டு.

மனுவில் பண்டிதர் நெல்லையப்பன் கையெழுத்து மட்டும் இல்லை. மறுநாள் முன்வாசல் வழியாக வந்து, நின்றபடியே பேசினார்.

"முத்து, அந்தப் பய எங்கிட்டயும் நீட்டினான். நான் போடமாட்டேன்னுட்டேன். உன்ன நான் பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன், அது எம் பழக்கம். நாளைக்கே உனக்குத் தலைமை வந்தா ஐயான்னு சொல்லிட்டுப் போறேன், அது உத்தியோகத்துக்கு உள்ள மரியாதை. இதுல மனு என்னத்துக்கு?"

"இப்ப வரலையே பண்டிதரய்யா" என்றார் இவர்.

"வரல. அதனால முத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நெஞ்சில் இருப்பது வாயிலும் இருந்தது.

தலைமை உபாத்தியாயர் வேலை யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இவர் சொல்லிக் கொடுத்து வாங்கின சர்ட்டிபிகேட் இருந்ததே. பள்ளிக்கூடம் திறந்த நாளில் கிருபைராஜ் மரத்தடியில் நின்றான். இவர் வழக்கம்போலப் போய், "தோத்திரம் ஐயா" என்றார்.

"என்ன முத்து" என்றான்.

ஒன்றரை வருஷம் எங்கள் புறவாசலில் குரல் கேட்கவில்லை. 1911 டிசம்பரில் ராஜாவுக்கு டில்லியில் பட்டாபிஷேகம் என்று ஊரெல்லாம் தோரணம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் விழா. பெரிய உத்தியோகஸ்தர்கள் வருகிறார்கள், வரவேற்புப் பத்திரம் வாசிக்கவேண்டும். ஒரு சாயந்தரம் வாய்க்கால் பக்கம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி."

நான் எழுந்தேன், கையில் அகப்பை இருந்தது. இவர் என்னைக் கையமர்த்திவிட்டுப் புறவாசலுக்குப் போனார்.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க. எல்லாரும் சேந்து நெருக்கிட்டாங்க. ஒரு வரவேற்புப் பத்திரம் எழுதித் தரணும். ஒங்களவிட்டா ஆளு இல்ல" என்றான். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

"எழுதித் தாரேன். தாளு இருக்கு, பேனா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. வீட்டச் சுத்தி முன்வாசலுக்கு வாரும். தெருவுல நின்னு, இப்பக் கூப்பிட்டீரே அதே மாதிரி ஒரு தடவ கூப்பிடும். அங்கன நின்னே எழுதித் தாரேன்" என்றார். ஆறு வருஷமாக "வாங்க தம்பி" என்றவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனை "நீர்" போட்டுப் பேசினார்.

அவன் வந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து எங்கள் வாசலில் நின்றான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர் நிலையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். பாவி மனசு, கூப்பிட்டுவிடுவான் என்று அப்போதும் நம்பியது. தெருக் கோடியில் கணக்கு வாத்தியார் குடையோடு வந்துகொண்டிருந்தார். கிருபைராஜ் அவரைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"சரி முத்து, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வச்சுப் பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இவர் கதவைச் சாத்தினார். அழவில்லை. "சோறு போடுளா" என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமை உபாத்தியாயர் என்ற முறையில் எழுதச் சொல்லி உத்தரவு போட்டான். எழுதிக் கொடுத்தார், அது உத்தியோகம். பத்திரம் அற்புதம் என்று விழாவில் எல்லாரும் கிருபைராஜைப் பாராட்டினார்களாம்.

பிறகு ஐந்து வருஷம் இருந்தார். ஒரு நாள் விடாமல் "தோத்திரம் ஐயா" சொன்னார், ஒரு நாள் விடாமல் "என்ன முத்து" கேட்டார். 1916 ஐப்பசியில் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார். கஞ்சி போட்ட அந்தக் கோட்டைத்தான் போட்டுவிட்டேன். கஞ்சி போட்ட பிறகு துரையைப் பார்க்க ஒரே தடவை போட்டது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

கோயிலில் அடக்க ஆராதனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் நாங்கள் ஒரு பக்கம் பாயில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தன. சபைக் குருவானவர், எங்கள் ஐயர், ஜெபம் முடித்ததும் தலைமை உபாத்தியாயர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். கிருபைராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரு தாளைப் பிரித்தான்.

"என் அண்ணாச்சி" என்று ஆரம்பித்தான். குரல் உடைந்தது. "எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அண்ணாச்சிதான் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தார். அண்ணாச்சி வீட்டில்தான் நான் சாப்பிட்டு வளர்ந்தேன்." நிஜமாகவே கண்ணீர் வந்தது அவனுக்கு. கோயில் முழுவதும் மூக்கைச் சிந்தியது. எப்பேர்ப்பட்ட மனுஷன், எளியவரை அண்ணாச்சி என்கிறாரே என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்.

பன்னிரண்டு வருஷமாக இவர் கேட்கக் காத்திருந்த சொல். ஊர் கூடி நிற்க, முன்வாசலில், உரக்க. இவர் பெட்டிக்குள் கிடந்தார்.

நான் எழுந்து நின்றேன். கோயிலில் பெண்கள் எழுந்து பேசுவது வழக்கமில்லை. பேசினேன்.

"எட்மாஸ்டரய்யா" என்றேன். "அவரு காது கேக்கும்போது புறவாசல்ல வந்து அண்ணாச்சின்னு கூப்பிட்டீங்க. தெருவுல ஒரு தடவ கூப்பிடச் சொல்லிக் கேட்டாரு, கூப்பிடல. இப்ப அவருக்குக் கேக்காது. அந்தச் சொல்ல என் வீட்டுச் சொத்துன்னு நெனச்சிருந்தேன், அதத் திருப்பித் தாங்க. அவரு பேரு சுவிசேஷமுத்து. பள்ளிக்கூடத்துல கூப்பிட்ட மாதிரியே பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்காரவில்லை. பண்டிதர் நெல்லையப்பன் கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். கிருபைராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான். தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தான். தாளில் "அண்ணாச்சி" என்று எழுதியிருந்த இடமெல்லாம் "சுவிசேஷமுத்து" என்று சொல்லிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் போனான். ஒரு இடத்தில்கூட அவன் நாக்குத் தடுக்கவில்லை.